தோமையார் மலைச் சாலை

ஈஸ்டர் பெருநாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்பெறும் சுவிசேஷப் பகுதிக்குச் சென்னையின் தென்புறத்தோடு ஓர் உறவு உண்டு. கதவைத் தாழிட்டு அஞ்சிக் கிடந்த சீடர்களின் நடுவே உயிர்த்தெழுந்த இயேசு தோன்றிச் சமாதானம் கூறிய வேளையில் அங்கே இல்லாது போன தோமையார், ஆணித் தழும்பில் விரலிட்டும் விலாக் காயத்தில் கைவைத்தும் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்று பிடிவாதம் செய்ததும், எட்டு நாள் கழித்து மீண்டும் வந்த ஆண்டவர் அவரைக் கடியாமல் அந்தக் காயத்தையே காட்டித் தொட்டுப் பார்க்க அழைத்ததும் அப்பகுதியின் செய்தி. 2000-ஆம் ஆண்டு முதல் அந்த ஞாயிற்றுக்கு இறை இரக்கத்தின் ஞாயிறு என்று பெயர் வழங்கி வருவது மிகப் பொருத்தம். சந்தேகப் பிராணி என்று உலகம் அவருக்குச் சூட்டிய பட்டப்பெயரை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. காயத்தைத் தொடாமல் நம்புவதற்கு மனம் வராத மனிதரைச் சந்தேகி என்று ஒதுக்கிவிடுவது அவசரத் தீர்ப்பு.

அந்தத் தோமையார் கடல் கடந்து வந்து, மயிலாப்பூரில் போதித்து, சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்து, கி.பி. 72-இல் பரங்கிமலையின் மீது ஈட்டியால் குத்துண்டு மாண்டார் என்பது பரம்பரையாக வரும் நம்பிக்கை. காயத்தைத் தொட விரும்பியவரே காயம்பட்டு இறந்தார் என்பதில் பக்தர்களின் உள்ளம் உருகுவது இயல்பு. சரித்திர ஆராய்ச்சியாளரோ இதற்கெல்லாம் சான்று கேட்பார்கள். அவர்கள் கையில் அகப்படுவது ஒரு கற்சிலுவை. 1523-இல் மலையுச்சியில் சிற்றாலயம் எழுப்பிய போர்த்துக்கீசியர், 1547-இல் அங்கே மண்ணைத் தோண்டியபோது வெளிப்பட்டது அது. அதைச் சுற்றிப் பஹ்லவி என்னும் பழைய பாரசீக எழுத்து பொறித்திருந்தது. பரங்கியர் வந்ததால் பரங்கிமலை என்று பெயர் பெற்ற அக்குன்றில், பரங்கியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னமே சிலுவையை வணங்கியவர்கள் இருந்தார்கள் என்பது மட்டும் அதனால் உறுதிப்படுகிறது.

இவ்வளவு புகழ் வாய்ந்த தலத்துக்குப் போகும் வழி நெடுங்காலம் சீராக இல்லை. கோட்டையிலிருந்தும் மயிலையிலிருந்தும் புறப்படுகிற யாத்திரிகர் சைதாப்பேட்டை அருகே அடையாற்றில் இறங்கிக் கடக்கவேண்டும். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் கரையிலேயே காத்துக் கிடக்கவேண்டும். அப்பால் மலையடிக்கு வந்து சேர்ந்தால், முந்நூறு அடி உயரமுள்ள குன்றில் பாறையைப் பற்றிக்கொண்டு ஏறவேண்டும். இவ்விரு துன்பங்களையும் தம் சொந்தப் பணத்தால் நீக்கியவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வர்த்தகர். பாரசீகத்து ஜுல்பா நகரத்தில் பிறந்து, மணிலா வரையில் கப்பல் வாணிகம் நடத்தி, சென்னையில் குடியேறிப் பெரும் பொருள் ஈட்டிய அவர், 1726-இல் அடையாற்றின் குறுக்கே வளைவு வளைவாகக் கற்பாலம் ஒன்றைக் கட்டுவித்தார். மாம்பலம் என்ற சொல் வெள்ளையர் நாவில் சிதைந்து ‘மார்மலாங்’ பாலம் என்று அதற்குப் பெயராயிற்று. முப்பதாயிரம் வராகன் அதற்குச் செலவாயிற்று என்பர். மலையுச்சிக்கு ஏறும் நெடிய கற்படி வரிசையும் அவருடைய உபயமே.

வியாபாரி செய்யும் தர்மத்தில் வியாபாரமும் கலந்திருக்கும் என்று சொல்வாருண்டு. பாலத்தின் வழியே அவருடைய சரக்கு வண்டிகளும் போயிருக்கக்கூடும். ஆனால் அப்பாலத்தைக் கட்டியதோடு நில்லாமல், பின்னால் பழுது பார்ப்பதற்கென்றும் அவர் தனியே பணம் ஒதுக்கி வைத்தார் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். கட்டுவிக்கும் உற்சாகம் செல்வர் பலருக்கும் வருவதுண்டு. தாம் போன பிறகு மழைவெள்ளம் வந்து ஒரு கல்லைப் பெயர்த்தால் அதை யார் எடுத்து வைப்பது என்று கவலைப்படுகிற கொடையாளி அபூர்வம். பாலத்தில் நடப்பவன் யாத்திரிகனா, தறிக்காரனா, எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறவன் என்ற கேள்வியும் அங்கே எழவில்லை.

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது அவர்கள் பக்கம் சேர மறுத்ததால் உஸ்கான் தம் சொத்தில் பெரும்பகுதியை இழந்தார். 1751-இல் காலமான அவருடைய உடல் வேப்பேரியில் அடக்கமாயிற்று. இருதயம் மட்டும் ஒரு பேழையில் வைத்து, அவருடைய விருப்பப்படி, ஜுல்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. பழைய பாலம் இருந்த இடத்தில் 1966-இல் மறைமலை அடிகள் பாலம் எழுந்தது. உஸ்கானின் கல்வெட்டு மட்டும் சைதாப்பேட்டைச் சாலையோரத்தில் பஸ் புகையை வாங்கிக்கொண்டு நிற்கிறது. மலையடியில் 1547 என்று பொறித்த சிலுவை தாங்கிய வளைவு வாயிலைக் கடந்து படியேறினால், ஏறும் வழியெங்கும் சிலுவைப் பாதைத் தலங்கள் வருகின்றன. மூச்சு வாங்கி ஒருகணம் திரும்பி நின்றால் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவது கீழே தெரிகிறது. மலையின் மறுபுறம் மோட்டார்ப் பாதை வந்துவிட்டபடியால், படியேறுவோர் தொகை சுருங்கிவிட்டது.

சைதாப்பேட்டையிலிருந்து மலைக்கு வரும் அதே நெடுஞ்சாலையில் இன்னும் தெற்கே போனால் தாம்பரம். அங்கே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி குடிபெயர்ந்து வந்த மறு ஆண்டு, 1938 டிசம்பரில், உலகக் கிறிஸ்தவ மிஷனரி மாநாடு கூடியது. சீனத்தின் ஹாங்சௌ நகரில் நடப்பதாக ஏற்பாடாகியிருந்த அது, ஜப்பான் சீனத்தின் மீது படையெடுத்ததனால் சேலையூர்க் காட்டோரத்துக்கு இடம் மாறிற்று. ஏறத்தாழ எழுபது நாடுகளிலிருந்து வந்த 471 பிரதிநிதிகளில் சீனரும் இருந்தனர், ஜப்பானியரும் இருந்தனர். நாடுகள் ஒன்றையொன்று கொன்று குவித்துக்கொண்டிருந்த நாளில் அவர்கள் ஒரே மண்டபத்தில் அமர்ந்து ஜெபித்தார்கள். போர் அதனால் நின்றுவிடவில்லை. அடுத்த ஆண்டு ஐரோப்பாவும் பற்றியெரிந்தது. தாழிட்ட அறைக்குள் கூறிய சமாதானத்தை வெளியே கொண்டுபோவது எக்காலத்திலும் எளிதாயிருந்ததில்லை.

மாநாட்டுக்குப் பத்தாண்டு முன்னரே தாம்பரத்தில் மற்றொரு காரியம் தொடங்கிவிட்டது. டேவிட் சௌரிமுத்து என்ற இந்தியக் கிறிஸ்தவ மருத்துவர், இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளின் சாரலில் காசநோய்க்கான சானடோரியம் ஒன்றை நடத்திப் பேரெடுத்தவர். கணித மேதை இராமானுஜன் நோயுற்ற நாளில், 1917-இல், அங்கே சில காலம் தங்கி அவரிடம் சிகிச்சை பெற்றதுண்டு. சௌரிமுத்து தாய்நாடு திரும்பிப் பச்சைமலை அடிவாரத்தில் 1928-இல் தாமே ஒரு சானடோரியத்தை நிறுவினார். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்படாத காலம் அது. திறந்தவெளிக் காற்று, வெயில், நல்லாகாரம், ஓய்வு, இவையே மருந்து. காசம் என்ற பேச்சைக் கேட்டால் உற்றாரே பாத்திரத்தைத் தனியே வைத்த நாளில், நோயாளிகளைக் கூட்டி வைத்துப் பராமரிக்கத் தனிமனிதர் ஒருவர் முன்வந்ததைச் சிறு காரியமென்று சொல்ல இயலாது. 1937-இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. மின்சார ரயிலில் ‘சானடோரியம்’ என்று கேட்டு இறங்குகிற ஆயிரக்கணக்கானோருக்கு அந்த நிலையத்தின் பெயர் தெரியும். பெயருக்குக் காரணமானவரைத் தெரிந்தவர் சிலரே.

எய்ட்ஸ் நோய் நாட்டில் பரவத் தொடங்கியபோது மக்களுக்கு அதே பழைய பயம் மறுபடியும் வந்தது. நோயாளியைத் தொடவும் அஞ்சிப் பல இடங்களில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். 1993-இல், சௌரிமுத்துவின் சானடோரியமாகத் தொடங்கிய தாம்பரம் ஆஸ்பத்திரி அவர்களை உள்ளே சேர்த்துப் படுக்கை கொடுத்தது. செய்தி பரவியதும் தமிழ்நாட்டிலிருந்து மட்டுமின்றி, ஆந்திர தேசத்திலிருந்தும் நோயாளிகள் ரயிலேறி அங்கே வந்து சேர்ந்தார்கள்.