சாய்சதுரத்தின் சுற்றளவும் ஒரு கிரவுண்டு மனையும்

சாய்சதுரத்தின் சுற்றளவு என்ன? பக்கத்தை நான்கால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். சதுரத்துக்கும் அதே சூத்திரம். செவ்வகம் என்றால் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வி. ஆனால் இதே கணக்கு நிலம் வாங்கும் இடத்தில் வரும்போது பலருடைய பணம் கரைந்திருக்கிறது. இது இன்று நேற்று வந்த குழப்பமும் அல்ல.

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் எழுதப்படும் கிரயப் பத்திரங்களைப் பாருங்கள். சொத்து விவரத்தில் வடபுறம் இத்தனை அடி, தென்புறம் இத்தனை அடி, கீழ்புறம், மேல்புறம் என்று நான்கு அளவுகள் இருக்கும். கடைசியில் 'ஆக இத்தனை சதுரடி' என்று முடியும். எதிரெதிர்ப் பக்கங்கள் வேறுபட்டால் சராசரி எடுத்துப் பெருக்குவார்கள். மூலைவிட்டம் பெரும்பாலும் இருக்காது.

நான்கு பக்கமும் 50 அடி உள்ள ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 200 அடி. மூலைகள் நேராக இருந்தால் 2500 சதுரடி. சாலை சாய்வாகப் போவதால் மனையும் சாய்ந்து, மூலைவிட்டங்கள் 60 அடி, 80 அடி என்று ஆனால் பரப்பு 2400 சதுரடிதான். (சாய்சதுரத்தின் பரப்பு என்பது மூலைவிட்டங்களின் பெருக்கலில் பாதி.) அதாவது சரியாக ஒரு கிரவுண்டு. 100 சதுரடி எங்கே போனது? எங்கும் போகவில்லை, முதலிலிருந்தே இல்லை! இன்னும் சாய்ந்து மூலைவிட்டங்கள் 28, 96 என்று ஆனால் 1344 சதுரடிதான் மிஞ்சும். காம்பவுண்டு சுவர் கட்டுபவர் மூன்று மனைக்கும் அதே 200 அடிக்குத்தான் கூலி கேட்பார். சுவரை வைத்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இந்த எண்கள் பழையவை. இரண்டாம் பாஸ்கரர் 1150-ல் எழுதிய லீலாவதியில் பக்கம் 25 உள்ள சாய்சதுரம் ஒன்று வருகிறது. மூலைவிட்டங்கள் 30, 40 என்றால் பரப்பு 600. 14, 48 என்றால் 336. சதுரமாக இருந்தால் 625. இவற்றை இரட்டித்தால் நம் மனை வந்துவிடும். மூலைவிட்டத்தைச் சொல்லாமல் நான்கு பக்கத்தை மட்டும் கொடுத்துப் பரப்பு கேட்பவனையும், அதற்குப் பதில் சொல்பவனையும் பாஸ்கரர் பிசாசு என்றே திட்டுகிறார். கணக்கு வாத்தியார்கள் அன்றும் அப்படித்தான் போலிருக்கிறது.

அவருக்கு முன்பே 628-ல் பிரம்மகுப்தர், எதிர்ப்பக்கங்களின் சராசரிகளைப் பெருக்குவது தோராயக் கணக்குதான் என்று பிரித்துக் காட்டிவிட்டார். எகிப்தில் எட்ஃபு கோயில் சுவரில் உள்ள நிலதானக் கணக்குகளும் இதே சராசரி முறையில்தான் இருக்கின்றன. நம் பத்திரங்களுக்கு இரண்டாயிரம் வருடத்துச் சொந்தம்!

கிரேக்கத்தில் கதை இன்னும் மோசம். 5-ம் நூற்றாண்டில் வாழ்ந்த புரோக்ளஸ் எழுதி வைத்திருக்கிறார்: நிலத்தைப் பங்கு போடும்போது சிலர், சுற்றளவு பெரிதாகவும் பரப்பு சிறிதாகவும் உள்ள துண்டைக் கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டு, பரப்பு பெரிய துண்டைத் தாங்கள் வைத்துக்கொண்டார்களாம். பெரிய பங்கை விட்டுக்கொடுத்த நல்லவர் என்ற பெயர் வேறு!

திருவள்ளூர் வட்டாரத்தில் நிலத்தை அளந்தது கோலால். 24 அடிக் கோல் ஒன்றுக்கு ஒன்று சதுரமாக இருந்தால் ஒரு குழி, 576 சதுரடி. 100 குழி ஒரு காணி, 57,600 சதுரடி. அதை 24 ஆகப் பிரித்தால் ஒரு மனை, 2400 சதுரடி. இன்றைய கிரவுண்டு என்பது அதுவேதான். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு பகுதி அடங்கிய செங்கல்பட்டு ஜாகிரை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அளந்தபோதும் காணிக் கணக்குதான் புழங்கியது. வரி நிலத்தின் மேல் என்பதால், அளவு கூடினாலும் குறைந்தாலும் யாராவது ஒருவருக்கு நஷ்டம்.

பிறகு சங்கிலி வந்தது. எட்மண்டு குன்டர் 1620-ல் வகுத்த 66 அடிச் சங்கிலி. பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். 1858-ல் சென்னை மாகாணத்தில் தனி சர்வே துறை தொடங்கியது. அதன் முறைதான் இங்கே முக்கியம். வயலைச் சுற்றி மட்டும் அளக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, முக்கோணங்களாகப் பிரித்து, அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்தாக அளந்தார்கள். முக்கோணத்தில் மூன்று பக்கம் தெரிந்தால் வடிவம் மாறவே முடியாது. பாஸ்கரர் கேட்ட மூலைவிட்டம் இப்படித்தான் அரசுப் பதிவேட்டுக்குள் வந்தது. இன்று இணையத்தில் எடுக்கும் புலப்படத்திலும் அந்தக் குறுக்குக் கோடு அளவோடு இருக்கும்.

ஆனால் புலப்படம் சர்வே எண்ணுக்கு உரியது. அந்த எண்ணுக்குள் மனை பிரித்து விற்றால், உட்பிரிவு செய்யும்வரை அதில் பழைய வயலின் உருவம்தான் தெரியும்; தனி மனை தெரியாது. அதுவரை வாங்குபவர் கையில் இருப்பது பத்திரத்தில் உள்ள நான்கு பக்கங்கள் மட்டும்.

பல மனைகளில் முதன்முதலாக மூலைக்கு மூலை கயிறு பிடிப்பவர் கொத்தனார்தான். அஸ்திவாரத்துக்கு முன்னால் இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று பார்ப்பார். ஒன்று 60, இன்னொன்று 80 என்று வந்தால் விஷயம் அப்போது தெரியும். அதற்குள் பத்திரப்பதிவு முடிந்திருக்கும்.