தூங்கவும் வளரவும் ஒரே பொடி

எங்கள் வீட்டு அடுக்களை அலமாரியில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் உண்டு. உள்ளே புளி. லேபிள் உரிந்து, பிசின் தடம் மட்டும் மிச்சம். அத்தை பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யாரோ வாங்கி வந்ததாம். ஆறு சாத்துக்குடியும் ஒரு ஹார்லிக்ஸும் இல்லாமல் நோயாளியைப் பார்க்கப் போவது அந்தக் காலத்தில் மரியாதைக் குறைவு.

அந்தப் பழக்கத்தின் மூலம் சிகாகோவில் இருக்கிறது. இங்கிலாந்தில் மருந்தாளுநராக இருந்த ஜேம்ஸ் ஹார்லிக்கும் அமெரிக்காவில் குடியேறியிருந்த தம்பி வில்லியமும் 1873இல் அங்கே கம்பெனி தொடங்கினார்கள். பார்லியை முளைகட்டினால் அதிலுள்ள நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கும். மால்ட்டின் தித்திப்புக்கு அதுதான் காரணம். அதோடு கோதுமையும் பாலும் சேர்த்துக் காய்ச்சி உலர்த்திய பொடிக்கு 1883இல் காப்புரிமை கிடைத்தது. கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் என்றுதான் முதலில் விற்றார்கள்.

பிறகு பொடி ஊர் சுற்றியது. அமெரிக்காவில் ஐஸ்கிரீமோடு கூட்டுச் சேர்ந்து மில்க் ஷேக் ஆனது. அட்மிரல் பேர்டின் அண்டார்க்டிகா பயணத்துக்கு வில்லியம் பணம் கொடுத்தார். பனிப்பாலைவனத்தில் ஒரு மலைத்தொடருக்கு இன்றும் ஹார்லிக் என்று பெயர். பிரிட்டனில்தான் கூத்து. 1930களில் அங்கே வந்த விளம்பரங்கள் 'இரவுப் பட்டினி' என்று ஒரு நோயைக் கண்டுபிடித்தன: தூக்கத்தில் உடம்பு பட்டினி கிடப்பதால்தான் காலையில் சோர்வாம், படுக்கும் முன் ஒரு கோப்பை குடித்தால் சரியாகிவிடுமாம். எந்த மருத்துவரும் கேள்விப்படாத நோய். மருந்து மட்டும் அமோகமாக விற்றது. பிரிட்டிஷ்காரருக்கு இன்றைக்கும் அது தூங்கப்போகும் முன் குடிக்கிற பானம்.

முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களோடு இந்தியா வந்த பொடி, பின்னாளில் பஞ்சாபின் நாபாவில் சொந்தத் தொழிற்சாலையே கண்டது. இங்கே அது பிள்ளைகளைத் தூங்க வைக்கவில்லை. உயரமாகவும் வலுவாகவும் சூட்டிகையாகவும் வளர்த்தது. 2008இல் ஒரு வேடிக்கை நடந்தது. வங்கதேசத்துக்கென எடுத்த அதே 'உயரம், வலு, கூர்மை' விளம்பரம் பிரிட்டனில் ஒரு நேபாளி சேனலில் தவறிப்போய் ஒளிபரப்பானது. அந்நாட்டு விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு ஆதாரம் போதாது என்று தடுத்துவிட்டது. டாக்காவில் வளர்த்த பொடி லண்டனில் வளர்க்கவில்லை!

நம்மிடம் 'ஹெல்த் டிரிங்க்' என்ற சொல் உதிர 2024 ஏப்ரல் வரை ஆனது. போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தப் பிரிவிலிருந்து எடுக்கும்படி மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. ஹார்லிக்ஸும் அதே மாதம் 'ஃபங்ஷனல் நியூட்ரிஷனல் டிரிங்க்' ஆனது. உச்சரிக்கவே தெம்பு வேண்டும்.

போன மாதம் அண்ணன் மகளோடு மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வேறொரு மால்ட் பொடி பாக்கெட்டின் முன்பக்கம் முழுக்கத் தசை முறுக்கும் சிறுவன். திருப்பிப் பார்க்கச் சொன்னேன். எறும்பு எழுத்தில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை', 100 கிராமுக்கு 30.

"ஒரு தடவைக்கு 27 கிராம்னு போட்டிருக்கு சித்தப்பா. அப்போ எட்டு கிராம். ரெண்டு ஸ்பூன்."

"புரதம்?"

கட்டத்தில் விரலை ஓட்டினாள். "பாலோட சேர்த்துன்னு ஒண்ணு, பொடி மட்டும்னு ஒண்ணு. பாலோட சேர்த்தது ரொம்ப ஜாஸ்தி."

"பால் யாருடையது?"

"நம்ம பால்தான்." சிரித்துவிட்டு, பாக்கெட்டைத் தட்டில் வைக்கப்போனவள் நின்றாள். "அம்மா இதுக்கு மேல ஒரு ஸ்பூன் சர்க்கரை வேற போடறாங்க சித்தப்பா."