எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு: பழங்கார் எஞ்சினில் பொருத்தலும் கசிவடைப்பும்

எஞ்சின் ஹெட்டின் பக்கவாட்டுத் துளைகளிலிருந்து வெளியேறும் சூடான புகையைத் திரட்டி, ஒரே குழாய் வழியே சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் கிளைக்குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எனப்படும். எந்தக் கார் பழங்கார் என்பதில் ஒரே வரையறை கிடையாது. ஐரோப்பியச் சங்கங்கள் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்டவற்றை மட்டும் விண்டேஜ் என்று வகைப்படுத்தி, முந்தியவற்றுக்கும் பிந்தியவற்றுக்கும் வேறு பெயர்கள் வைத்திருக்கின்றன. இந்தியாவில் 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாடு இல்லாத வண்டியைப் பழைமை வாய்ந்தது என ஏற்று, பதிவெண்ணில் வி ஏ என்ற எழுத்துகளையும் தந்தன. இக்கட்டுரை கொள்ளும் வரையறையும் அதுவே. ஐரோப்பிய வரம்பைக் கொண்டால் தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்கு இன்றும் பழக்கமான எஞ்சின்களில் பெரும்பாலானவை வெளியே நின்றுவிடும்.

சென்னையில் சிம்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் ஒரு கார் கட்டினார். அது நீராவியில் ஓடியது என்பதால் நம் பொருளுக்கு வெளியே நிற்கிறது. 1908 முதல் 1927 வரை வெளிவந்த ஃபோர்டு மாடல் டி இப்பொருளின் தொடக்கப் பாடம். அதில் ஒவ்வொரு துளையிலும் செம்புத் தகடு போர்த்திய ஆஸ்பெஸ்டாஸ் வளையம் உட்கார, கவ்விகள் மேனிஃபோல்டை எஞ்சினோடு அழுத்திப் பிடித்தன. வெப்பத்தில் வார்ப்பு தொய்ந்து கோணுவது அந்த வண்டியிலேயே எல்லோரும் அறிந்த சிக்கலாகிவிட்டது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. அதே ஆண்டு சென்னையில் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களைத் தந்தது. வங்காளத்து உத்தர்பாராவிலிருந்து வந்த அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில் வெளியேற்றுத் துளைகள் மூன்றுதான்; நடுத்துளை இரண்டு சிலிண்டர்களுக்குப் பொது. காற்று உள்ளே வரும் இன்லெட் மேனிஃபோல்டும் அதே பக்கத்தில் இருக்கிறது. இரண்டின் விளிம்புகளையும் ஒரே தடித்த வாஷர் சேர்த்து அழுத்த, ஒரே நட்டு அதை இறுக்குகிறது. விளிம்புகளின் தடிமன் சமமாக இல்லாவிட்டால் வாஷர் தடித்த விளிம்பில் மட்டும் ஏறி உட்காரும். மெலிந்த பக்கம் எத்தனை இறுக்கினாலும் கசியும். ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே வைக்கும் அடைப்புத் தகடான கேஸ்கெட்டை மாற்றி மாற்றிப் போட்டும் தீராத கசிவுகளில் பல இங்கேதான் பிறக்கின்றன. ஹெரால்டிலோ இரு மேனிஃபோல்டுகளும் ஒன்றோடொன்று போல்ட்டால் பிணைந்தவை. அந்தப் போல்ட்டைத் தளர்த்தி வைத்து, இரு முகங்களையும் ஹெட்டோடு ஒட்ட உட்காரவைத்த பிறகே அதை இறுக்க வேண்டும். முதலிலேயே இறுக்கினால் ஒரு முகம் ஹெட்டைத் தொடாது.

ஆகவே, மேனிஃபோல்டு கசிவு அடைப்புப் பொருளின் குறையாக இருப்பது அரிது. வெவ்வேறு சூட்டில் வெவ்வேறு அளவு நீளும் இரண்டு திடப்பொருள்களை ஒரே முகத்தில் பொருத்துவதுதான் இங்குள்ள சிக்கல். 45 சென்டிமீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, தண்ணீரால் குளிரும் ஹெட்டைவிட 350 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால், அது ஹெட்டைவிடச் சுமார் 1.7 மில்லிமீட்டர் அதிகம் நீள முயலும். நீள வழி இருந்தால் முகம் கேஸ்கெட்டின் மேல் வழுக்கி, ஆறும்போது திரும்பிவிடும். வழி இல்லையென்றால் ஓர மரைத்தண்டு (ஸ்டட்) முறியும், அல்லது வார்ப்பில் வெடிப்பு விழும். மேனிஃபோல்டில் ஸ்டட் நுழையும் துளைகள் ஸ்டட்டைவிடப் பெரிதாக இருப்பது இதற்காகவே. பீங்கான் தொழிலுக்கு இது பழகிய சங்கதி. மண்ணுடலைவிட மேற்பூச்சு அதிகம் சுருங்கினால், சூளையிலிருந்து வந்த பொருளில் மயிர்வெடிப்பு ஓடும். நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் வெண்களிமண்ணை அருகே வைத்துக்கொண்டு, பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிலையமும் கண்ட விருத்தாசலத்தில் இந்தக் கணக்குதான் அன்றாடப் பாடம். கார்ப் பட்டறைகளில் அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பசை பூசியே பல ஆண்டு ஓட்டிய வண்டிகள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அந்தப் பசையும் பாதி பீங்கான்தான். எக்ஸாஸ்ட் சிமென்ட் வகைகளில் பெரும்பாலானவை சோடியம் சிலிகேட்டில் களிமண் போன்ற கனிமத் தூளைக் குழைத்தவை. விருத்தாசலத்தில் பொம்மை வார்க்கிறவர்களுக்கு இந்தச் சிலிகேட் நன்றாகத் தெரியும். நூற்றில் அரைப் பங்கு சேர்த்தாலே களிமண் கூழ் அதிகத் தண்ணீர் இல்லாமல் இளகி, பிளாஸ்டர் அச்சில் சீராகப் பாயும். நிறையச் சேர்த்து உலர்த்தினால் அதுவே கல்லாக இறுகும். ஈரம் போகுமுன் எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பசை பொரி போல உப்பிவிடும். மெல்ல உலர்ந்து இறுகினாலும் அது நெகிழாது. மேனிஃபோல்டு நீண்டு சுருங்கும்போது அதில் கீறல் விழுந்து, சில வாரத்தில் கசிவின் டிக் டிக் சத்தம் திரும்பும். குழாய்களின் செருகு மூட்டுக்கு அது ஏற்றது, ஹெட் முகத்துக்கு ஏற்றதல்ல. சிவப்பு சிலிக்கானோ துளை ஓரத்துச் சூட்டிலேயே கருகிவிடும்.

கோணிய முகத்தைச் சமப்படுத்தினால் இரும்பு தேய்ந்து பழம்பொருளின் அசல் தன்மை போய்விடும் என்போரும் உண்டு. நியாயமான கவலைதான். ஆனால் அசல் முகம் தட்டையாகத்தான் இருந்தது. கோணல் பிற்பாடு வந்தது. அளவுகோலின் விளிம்பை முகத்தில் நிறுத்தி ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்த்து, இடைவெளி தெரிந்தால் பட்டறையில் முகத்தைச் சமமாகச் சீவி வாங்க வேண்டும். அம்பாசடரானால் இன்லெட், எக்ஸாஸ்ட் விளிம்புகளின் தடிமனையும் அப்போதே சமமாக்கிவிடலாம். துருப்பிடித்த ஸ்டட்டைச் சூடுகாட்டிக் கழற்றி, புதிதாகப் போடும்போது பித்தளை நட்டு போட்டால் மரை இறுகிப் போகாது. நடு நட்டிலிருந்து ஓரத்துக்குப் படிப்படியாக இறுக்குவது முறை. அம்பாசடர் வகை எஞ்சினுக்குச் சுமார் 20 நியூட்டன் மீட்டர் போதும்.

ஹெரால்டின் உற்பத்தி 1971இலும் அம்பாசடரின் உற்பத்தி 2014இலும் நின்றுவிட்டது. ஆனால் ஆஸ்பெஸ்டாஸுக்குப் பதிலாக இன்று கிராஃபைட், பீங்கான் இழைக் கேஸ்கெட்டுகள் விற்பனையில் உள்ளன.

பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே கொள்ள வேண்டும். அதன் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. எனவே அதை நனைத்துச் சுரண்டுங்கள், கம்பித் தூரிகைச் சக்கரம் வைக்காதீர்கள், காற்றடித்து ஊதாதீர்கள். புதியது போட்டதும் எஞ்சினை ஒருமுறை சூடேற்றி, முழுவதும் ஆறவிட்டு, எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.