தொட்டிக்கு என்ன பூச்சு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொள்ளாச்சித் தோட்டத்து வீட்டிலிருந்து என் மகன் போன் செய்தான். நீச்சல் குளத்து டைல்ஸ் எல்லாம் பெயர ஆரம்பித்துவிட்டதாம். தட்டிப் பார்த்தால் பாதி இடத்தில் 'டொக் டொக்' என்று வெற்றோசை கேட்கிறதாம். மொத்தத்தையும் உடைத்துவிட்டுப் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்றான்.

"நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்கப்பா. பொதுப்பணித்துறையில முப்பது வருசம் இருந்தவரு நீங்க. உங்களக் கேக்காமச் செஞ்சா நல்லாவா இருக்கும்?"

ஓய்வு பெற்ற பிறகு நம்மிடம் யோசனை கேட்பவர்கள் குறைவு என்பது இதைப் படிக்கும் பலருக்கும் தெரிந்ததுதான். மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் காரணம் எளிது. குளியலறைச் சுவருக்கான டைல்ஸைக் குளத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அது தண்ணீரைக் குடிக்கும் மண். போதாததற்குப் போன கோடையில் குளத்தைக் காலி செய்து வெயிலில் காயப் போட்டிருக்கிறார்கள். திண்ணையில் மூன்று மாதிரிகள் வைத்திருந்தான். ஒன்று வெள்ளை சிமெண்ட்டும் பளிங்கு மாவும் கலந்த பூச்சு. இரண்டாவது வெளிர்நீலக் கண்ணாடி மொசைக். மூன்றாவது இந்தோனேசியாவிலிருந்து வரும் கரும்பச்சைக் கல். மகனுக்கும் மருமகளுக்கும் மூன்றாவதன் மேல்தான் கண். "பாத்தா நம்ம ஊர்க் குளமாட்டமே இருக்குமுங்கப்பா" என்றான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. தண்ணீர் நிற்கும் தொட்டிக்கு மனிதன் என்னென்ன பூசியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

மொகஞ்சதாரோவின் பெருங்குளம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. ஜான் மார்ஷல் காலத்தில், 1925-26 வாக்கில் தோண்டி எடுத்தார்கள். ஏறக்குறைய 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். செங்கல்லை நெருக்கமாக அடுக்கி, ஜிப்சம் சாந்து வைத்து, வெளிப்பக்கம் தாரைப் பூசியிருந்தார்கள். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒழுகாத குளம் கட்டத் தெரிந்திருக்கிறது.

ரோமானியர்கள் ஓட்டையும் செங்கல்லையும் இடித்துச் சுண்ணாம்பில் கலந்தார்கள். நம் ஆட்கள் சுர்க்கி என்று சொன்னதும் அதே சரக்குதான். வெறும் சுண்ணாம்பு காற்றை வாங்கித்தான் இறுகும். தண்ணீருக்குள் அதற்குக் காற்று ஏது? சுட்ட செங்கல் பொடியைச் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். 1895-ல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையில் பென்னிகுவிக் பயன்படுத்தியதும் சுண்ணாம்பும் சுர்க்கியும்தான்.

என் முதல் வேலையில் ஒரு பழைய கொத்தனார் இருந்தார். வட்டக் காடியில் மாடு பூட்டிக் கல் உருளையால் சுண்ணாம்பு அரைத்ததையும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை அதில் ஊற்றியதையும் கதை கதையாகச் சொல்வார். கடைசிப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும். கூழாங்கல்லால் தேய்க்கத் தேய்க்க முகம் பார்க்கலாம் என்பார். செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும்.

பிறகு சிமெண்ட் வந்தது. லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-ல் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தின் போர்ட்லேண்ட் கல்லைப் போல இருந்ததால் அந்தப் பெயர். 1904-ல் சென்னையில் கிளிஞ்சலைக் கொண்டு சிமெண்ட் செய்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. நம் மதுக்கரைக்கு 1930களில் ஆலை வந்தது. அதன்பின் மாடுகளுக்குச் சுண்ணாம்புக் காடியிலிருந்து விடுதலை.

வெள்ளை நிறம் எப்போது குளத்துக்குள் வந்தது? இங்கிலாந்தில் 1846-ல் பொதுக் குளியலறைச் சட்டம் வந்தது. ஊருக்கு ஊர் நீச்சல் குளம் கட்டினார்கள். அப்போது வடிகட்டியும் கிடையாது, குளோரினும் கிடையாது. ஒருமுறை நிரப்பிய தண்ணீர் பல நாள் கிடக்கும். புதுத் தண்ணீர் நாளில் ஒரு கட்டணம், கலங்கிய நாளில் அதைவிடக் குறைவு. அந்தக் குளங்களில் பல வெள்ளைப் பளபளப்பு ஓடு பதித்தவை. அழுக்கு சேர்ந்தால் யாரும் சொல்ல வேண்டாம், வெள்ளையே சொல்லிவிடும்.

வெள்ளைப் பூச்சுக்கும் ஒரு குறை உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாங்கெலியர் 1936-ல் ஒரு கணக்குச் சொன்னார். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருந்தால் அது போகும் வழியில் கிடைக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்ளும். அதிகமாக இருந்தால் வழியெல்லாம் படிய வைக்கும். குழாய்களுக்காகச் சொன்னதை இன்று நீச்சல் குளத்துக்கும் பார்க்கிறார்கள். சிறுவாணித் தண்ணீரை ஊற்றினால் பூச்சைச் சுரண்டித் தின்னும். எங்கள் தோட்டத்துப் போர்த் தண்ணீர் என்றால் வெண்டைக்காய்ப் பாத்திரத்தில்கூட வெள்ளைப் பொருக்கு. ஆகவே அங்கே சிமெண்ட் பூச்சு சொரசொரப்பாகும், குழந்தைகளின் பாதம் கிழியும். கண்ணாடி தண்ணீரைக் குடிக்காது, படிந்த பொருக்கையும் துடைத்துவிடலாம். கணக்குப்படி மொசைக்தான் சரி.

ஆனால் எனக்குத் தூக்கம் வராத காரணம் கணக்கு அல்ல, அந்தக் கரும்பச்சைக் கல்.

நம் ஊர்க் கோயில் குளங்களின் அடியில் யாரும் பூச்சு பூசுவதில்லை. தண்ணீர் மண்ணில் இறங்கி ஊர்க் கிணறுகளில் ஊற வேண்டும் என்பது ஏற்பாடு. தோட்டத்துக் கிணறும் அப்படித்தான், அடியில் கரும்பாறை. நாங்கள் எல்லோரும் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு நீச்சல் பழகியது அதில்தான்.

1961 கோடையில் சித்தப்பா மகன் எங்கள் கிணற்றில் போய்விட்டான். எனக்கு ஒரு வயது இளையவன். அப்போது கிணற்றில் தண்ணீர் ஒன்றரை ஆள் உயரம்தான். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். முங்கு நீச்சல் போட்டி என்று சொல்லித்தான் குதித்தான். எந்தப் பக்கம் எழுவான் என்று சிரித்துக்கொண்டே பார்த்தேன். தண்ணீர் கலங்கவில்லை, தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் கரும்பாறைக்கு மேல் கறுத்த பையன் எனக்குத் தெரியவில்லை. ஓடிவந்த பெரியவர்களுக்கும் தெரியவில்லை. ஆள் இறங்கிக் காலால் துழாவித்தான் எடுத்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு நேர் கீழேயே கிடந்திருக்கிறான்.

சித்தி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அறுபது ஆண்டுகளாக இதை என் மகனிடம் சொன்னதில்லை. மறுநாள் காலையிலும் உடனே சொல்ல வாய் வரவில்லை. பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் தண்ணீர் பிடித்து, கரும்பச்சைக் கல்லையும் மொசைக் பலகையையும் அடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கறுப்புத் துணித் துண்டுகள் இரண்டை நனைத்து ஒவ்வொன்றின் மேலும் போட்டு, மகனைப் பத்தடி தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன்.

"ஒண்ணுதானுங்களேப்பா இருக்குது?" என்றான்.

பிறகு சொன்னேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. மருமகள்தான் பச்சைக்கல் மாதிரியை எடுத்துக்கொண்டு போய், "இத வெளிய நடைபாதைக்குப் போட்டுக்கலாமுங்க மாமா" என்றாள்.

ஆறு வயதுப் பேத்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள், தன் நீச்சல் உடையைக் கொண்டுவந்து தொட்டிக்குள் போட்டாள். வெளிர்நீல உடை. மொசைக் மேல் கிடந்த அது இருந்த இடமே தெரியவில்லை. முப்பது வருட அனுபவக்காரர் யோசிக்காத விஷயம் அது!

வேலை முடிந்து, போன வாரம் குளத்தில் தண்ணீர் விட்டார்கள். அடியில் ஒரு காசு விழுந்தாலும் தெரிகிறது. பேத்திக்கு ஆரஞ்சு நிறத்தில் புது உடை வாங்கிக் கொடுத்தேன். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் முங்கி எழும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பூச்சு எதுவானாலும் கரையில் ஒரு ஆள் வேண்டும். வீட்டில் நீச்சல் குளமோ, தோட்டத்தில் பம்புசெட் தொட்டியோ வைத்திருக்கும் நண்பர்களும் பேரன் பேத்தி வரும்போது ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள்.