அனகொண்டா: ஒரு பெயரின் வரலாறு



தலைமையாசிரியனாய் இருந்து ஓய்வு பெற்ற நான், வகுப்பறையில் செய்த தவறு ஒன்றை இன்று உங்களிடம் ஒப்புக்கொள்ள விரும்புகிறேன்.

'அனகொண்டா' என்னும் பெரும்பாம்பின் பெயர் 'ஆனைகொன்ற' என்னும் தமிழ்த் தொடரின் திரிபே என்று பல்லாண்டுகள் கற்பித்து வந்தேன். கேட்ட மாணவர் பெருமிதம் கொண்டனர்; நானும் கொண்டேன். ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அப்பாம்பு தென் அமெரிக்காவில் அல்லவா வாழ்கிறது? அங்கே யானை ஏது?" என்று வினவினான். விடை கூற இயலாது நின்றேன். அவ்வினாவே என்னை நூலகத்திற்கு அனுப்பியது.

ஆங்கில நாட்டு அறிஞர் ஜான் ரே 1693-ஆம் ஆண்டில் விலங்குகளைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். ஹாலந்து நாட்டு லெய்டன் நகரக் காட்சிசாலையில் இருந்த பாம்புகளின் பட்டியல் ஒன்று அதில் உள்ளது. இலங்கை மக்கள் 'அனகண்டையா' என அழைக்கும் பாம்பு, எருமை முதலிய கால்நடைகளின் உறுப்புக்களை நொறுக்க வல்லது என்று அப்பட்டியல் கூறுகிறது. ஆகவே இப்பெயர் முதலில் இலங்கைக்கே உரியது. அங்குள்ள மலைப்பாம்பையே அது குறித்திருத்தல் வேண்டும். பின்னர் வந்த ஐரோப்பியர் அதைத் தென் அமெரிக்கப் பாம்பின்மேல் ஏற்றிவிட்டனர். பிரேசில் நாட்டார் அதற்கு வழங்கும் பெயரோ 'சுகுரி' என்பதாகும்.

சொல்லின் மூலம் யாது? சிங்களத்தில் 'ஹெனகந்தயா' என்றொரு பாம்புப் பெயர் உண்டு. 'ஹென' என்பது மின்னல்; 'கந்த' என்பது தண்டு. ஆனால் அது குறிப்பதோ மெலிந்த பச்சைப் பாம்பு! காட்சிசாலையில் பெயர்கள் இடம் மாறியிருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

'ஆனைகொன்ற' என்னும் விளக்கத்தையும் அறிஞர் சிலர் முன்வைத்துள்ளனர். ஆயினும் இலக்கணத்தை நோக்குங்கள். 'கொல்' என்னும் பகுதி 'கொன்ற' என்றாகும். 'கொண்ட' என்பதோ 'கொள்' என்னும் பகுதியிலிருந்து பிறப்பது. மேலும், நம் முன்னோர் மலைப்பாம்பை 'மாசுணம்' என்றனர். 'ஆனைகொன்ற' என்று ஒரு பாம்பை அழைத்ததாக நான் எந்நூலிலும் கண்டிலேன். அயலார் செவியில் ஒலி திரிந்திருக்கக் கூடும் என்பது உண்மையே. எனினும், 'இருக்கக்கூடும்' என்பதை 'இருக்கிறது' என்று கற்பித்தது என் பிழை.

மறுவாரம் அதே வகுப்பில் என் கூற்றைத் திருத்திக்கொண்டேன். சில முகங்கள் வாடின. "தமிழுக்கு இதனால் குறைவு உண்டா?" என்று கேட்டேன். வினா எழுப்பிய மாணவனே, "இல்லை, ஐயா; பொய்ப் பெருமை நமக்கு வேண்டுவதில்லை" என்றான். அன்று ஆசிரியன் அவன், மாணவன் நான்.