பொதுக் கல்வியும் மூடிய கதவுகளும்: மோட்டன் உயர்நிலைப் பாடசாலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பாடசாலை வரலாறுகளை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் தோற்றத்தையும் வளர்ச்சியையுமே கருத்திற் கொள்வர். ஆயின், ஒரு சமூகத்தில் 'பொது' என்னும் சொல் எவரை உள்ளடக்கிற்று, எவரைப் புறந்தள்ளிற்று என்பதை அறிவதற்கு மூடப்பட்ட பாடசாலையே சிறந்த சான்றாக அமைவதுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலே, பிரின்ஸ் எட்வேட் மாவட்டத்து ஃபாம்வில் நகரில் அமைந்திருந்த மோட்டன் உயர்நிலைப் பாடசாலையின் வரலாற்றை இந்நோக்கில் ஆராய முற்படுகின்றோம்.

புகையிலைச் செய்கையைச் சார்ந்திருந்த இம்மாவட்டத்தில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பாடசாலைகள் இருத்தல் வேண்டும் என்பது சட்டமாக இருந்தது. 1939 இல் கறுப்பினப் பிள்ளைகளுக்கெனக் கட்டப்பெற்ற மோட்டன் பாடசாலை 180 மாணவரை மனங்கொண்டு அமைக்கப்பட்டது. 1950 அளவில் அங்கு 450 பேருக்கு மேற் பயின்றனர். உடற்பயிற்சிக் கூடமோ, உணவுக்கூடமோ, ஆய்வுகூடமோ அங்கு இருக்கவில்லை. புதிய கட்டிடம் கோரிய பெற்றோருக்குக் கிடைத்தவை தார்த்தாள் போர்த்த மரக் கொட்டில்களே.

1951 ஏப்ரல் 23 அன்று, பொய்யான தொலைபேசிச் செய்தியொன்றினால் அதிபரை வெளியே அனுப்பிவிட்டு, மாணவர் மண்டபத்திற் கூடினர். பதினாறு வயதினளான பார்பரா ஜோன்ஸ் தலைமைதாங்கினாள். வேலைநிறுத்தம் ஏறத்தாழ இரு வாரங்கள் நீடித்தது. மாணவர் முதலில் வேண்டியது நல்லதொரு கட்டிடம் மட்டுமே. கறுப்பின மக்களின் உரிமை இயக்கத்தைச் சேர்ந்த சட்டத்தரணிகளான ஒலிவர் ஹில்லும் ஸ்பொட்ஸ்வூட் றொபின்சனும், இன ஒதுக்கலையே எதிர்ப்பதாயின் மாத்திரம் வழக்கை ஏற்போம் என்றனர். மாணவரும் பெற்றோரும் இணங்கினர். 117 மாணவர் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. மாவட்டம் 1953 இல் புதிய கட்டிடம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தது. ஒதுக்கலைப் பேணுவதற்கு அது கொடுத்த விலை அதுவெனலாம். இவ்வழக்கையும் உள்ளடக்கிய ஐந்து வழக்குகளில், அரச பாடசாலைகளில் இன ஒதுக்கல் அரசியலமைப்புக்கு முரணானது என 1954 மே 17 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வேர்ஜீனியாவின் ஆளுங்குழாம் இதனை ஏற்கவில்லை. செனற்றர் ஹரி பேர்ட் 'பெரும் எதிர்ப்பு' என்னும் கொள்கையை முன்வைத்தார். 1958 இல் மாநில ஆளுநர் வேறு சில இடங்களிற் பாடசாலைகளை மூடினார். 1959 ஜனவரியில் நீதிமன்றங்கள் அம்மூடலைச் செல்லுபடியற்றதாக்கின. இந்நிலையிலேயே பிரின்ஸ் எட்வேட் மாவட்டம் வேறொரு வழியைக் கைக்கொண்டது. செப்டெம்பரில் கறுப்பின மாணவரைச் சேர்க்கவேண்டும் என நீதிமன்றம் கட்டளையிட்ட பின்னர், 1959 ஜூனில் மாவட்ட மேற்பார்வையாளர் சபை பாடசாலைகளுக்கு நிதி ஒதுக்க மறுத்தது. நிதியின்மையால், மோட்டன் மட்டுமன்றி மாவட்டத்தின் பொதுப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. வறுமையினாலன்றி வரவு செலவுத் திட்டத்தினால் நிகழ்ந்த மூடல் இது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

வெள்ளைப் பிள்ளைகளுக்கெனத் தனியார் கல்விக்கூடமொன்று உடனடியாகத் தொடங்கப்பட்டது. நன்கொடையில் ஆரம்பித்த அதற்குப் பின்னர் பொதுப்பணமும் மானியமாகச் சென்றது. ஏறத்தாழ 1,700 கறுப்பினப் பிள்ளைகளுக்கோ பாடசாலை இல்லாதொழிந்தது. சிலர் உறவினர் வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். சிலர் குவேக்கர் சபையினரின் உதவியுடன் வெளிமாநிலங்களிற் பயின்றனர். எஞ்சியோருட் பலர் வயல்வேலைக்குச் சென்று, பின்னர் கல்விக்குத் திரும்பவேயில்லை.

கறுப்பினப் பிள்ளைகளுக்கும் தனியார் பாடசாலை அமைத்துத் தருவதாக வெள்ளையர் சிலர் முன்வந்தபோது, ஒரேயொரு விண்ணப்பமே கிடைத்தது. இம்மறுப்பினை வெறும் பிடிவாதமெனக் கொள்ளல் பொருந்தாது. அதனை ஏற்பின், கல்வி உரிமை என்னும் நிலையிலிருந்து தருமம் என்னும் நிலைக்கு இறங்கிவிடும்; ஒதுக்கலுக்குத் தாமே கையொப்பமிட்டதாகவும் முடியும். எனினும், அக்கொள்கையின் விலையைக் கொடுத்தவர்கள் பிள்ளைகளே என்பதையும் நாம் மறைத்தலாகாது. போராட்டங்களைப் போற்றி எழுதுவோர் இம்முரண்பாட்டினை எளிதிற் கடந்து செல்கின்றனர். அத்தகைய தெரிவினை அம்மக்கள்மீது சுமத்தியோரின் பொறுப்போ அதனாற் குறைந்துவிடுவதில்லை.

1963 இல் கெனடி அரசாங்கத்தின் ஆதரவுடன் இலவசப் பாடசாலைகள் திறக்கப்பட்டன. 1964 மே 25 அன்று, பாடசாலைகளை நடத்துவதற்கு வேண்டிய வரியை அறவிடும்படி மேற்பார்வையாளர் சபையைப் பணிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரமுண்டு என உயர் நீதிமன்றம் தீர்த்தது. நிதியினால் மூடப்பட்ட கதவு நிதிவழியாகவே திறக்கப்படவேண்டியிருந்தது. அவ்வாண்டு பொதுப் பாடசாலைகள் மீண்டும் இயங்கின. பெரும்பாலான வெள்ளைப் பிள்ளைகள் திரும்பவில்லை.

மோட்டனின் பழைய கட்டிடம் பின்னர் ஆரம்பப் பாடசாலையாகப் பயன்பட்டு, 1995 இற் கைவிடப்பட்டது. அதனைக் காத்தவர்கள் ஊரின் கறுப்பினப் பெண்கள் சங்கத்தினர். 2001 இல் அது நூதனசாலையாயிற்று. கல்வி மறுக்கப்பட்டோருக்கு மாநில அரசு 2004 இற் புலமைப்பரிசில் ஏற்படுத்தியபோது, 1959 இல் முதலாம் வகுப்பிற் சேரவேண்டியிருந்த பிள்ளை ஐம்பது வயதை எட்டிவிட்டிருந்தது.

கல்வியுரிமை நீதிமன்றத் தீர்ப்பினால் மட்டும் நிலைபெறுவதில்லை. ஆண்டுதோறும் நிறைவேறும் நிதி ஒதுக்கீட்டிலேயே அது வாழ்கின்றது அல்லது மடிகின்றது. கட்டிடம் கேட்டு எழுந்த பிள்ளைகளுக்குக் கட்டிடம் கிடைத்தது. உரிமை கேட்டபோது அக்கட்டிடமே மூடப்பட்டது. பொதுக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பாடநூல்களையும் தேர்ச்சி விகிதங்களையும் ஆராய்வதுடன் அமையாது, வரவு செலவுக் கணக்குகளையும் ஊன்றிப் படித்தல் வேண்டும் என்பதே மோட்டன் நமக்கு உணர்த்துவதாகும்.