ஒலி அலை ஓட்டிய மோட்டார் சைக்கிள்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜெர்மனியின் பல நகரங்கள் இடிந்து கிடந்தன. கூரை இழந்த கட்டடங்களுக்கு மரச் சட்டங்கள் ஏராளமாகத் தேவைப்பட்டன. சாக்சனிப் பகுதியில் வால்ட்டர் காடென் என்ற இளம் பொறியாளர் அந்தத் தொழிலில் இறங்கினார். போர்க்காலத்தில் வானிலிருந்து ஏவும் குண்டுகளுக்கான ஆராய்ச்சியில் பணியாற்றியவர் அவர். இப்போது மரம் அறுத்துக் கூரைச் சட்டங்கள் செய்தார். ஆனால் அவருடைய உள்ளம் மோட்டார் சைக்கிளில் இருந்தது. தொழிலுக்கிடையே, தம் சிறிய பட்டறையில் ஒரு சாதாரண 125 கன செ.மீ. வண்டியைப் பந்தய வண்டியாக மாற்றி அமைத்தார்.

அந்தப் பட்டறையில் தொடங்கிய வேலை, சில ஆண்டுகளில் உலகின் மிகப் பெரிய தொழிற்சாலைகளைத் திகைக்க வைத்தது. எப்படி என்பதைப் பார்ப்போம்.

சின்ன வண்டி, பெரிய வம்சம்

காடென் எடுத்துக்கொண்ட வண்டி டி.கே.டபிள்யூ. நிறுவனத்தின் ஆர்.டி.125. சாக்சனியில் உள்ள ட்சோபாவ் என்னும் சிற்றூரில், டென்மார்க்கில் பிறந்த ராஸ்முசென் தொடங்கிய நிறுவனம் அது. 1920களின் இறுதியில் உலகிலேயே அதிக மோட்டார் சைக்கிள்களைச் செய்தது அதுதான். 1939இல் வெளிவந்த ஆர்.டி.125 எளிமைக்குப் பேர் போனது. இரண்டு வீச்சு எஞ்சின், ஒரே உருளை, ஏறத்தாழ 5 குதிரைத் திறன். போருக்குப் பின் இங்கிலாந்து, அமெரிக்கா, சோவியத் நாடு, ஜப்பான் ஆகிய நான்கு நாடுகளிலும் அதைப் பார்த்து வண்டிகள் செய்தார்கள். 1955இல் யமஹா நிறுவனம் செய்த முதல் மோட்டார் சைக்கிளும் இதன் பிரதியே.

எளிய வண்டியாதலால் வீட்டுப் பட்டறையில் கழற்றி மாட்ட ஏற்றது. கடைசல் இயந்திரமும் அரமும் பொறுமையும் உள்ள எவரும் அதில் கை வைக்கலாம்.

இரண்டு வீச்சின் பிறவிக் குறை

நான்கு வீச்சு எஞ்சினில் உறிஞ்சுதல், அழுத்துதல், வெடித்தல், புகையை வெளியேற்றுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பிஸ்டனின் ஒரு வீச்சு உண்டு. வால்வுகள் முறைப்படி திறந்து மூடும். இங்கிலாந்தின் ஜோசப் டே 1889இல் அமைத்த இரண்டு வீச்சு எஞ்சினிலிருந்து வளர்ந்த வகையில் இந்த வால்வுகள் இல்லை. உருளையின் சுவரில் துளைகள் இருக்கும். பிஸ்டனே மேலும் கீழும் நகர்ந்து அவற்றைத் திறக்கிறது, மூடுகிறது. கிராங்க் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு கிடைக்கிறது.

கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். பழைய புகை வெளியேறுவதும் புதிய பெட்ரோல்-காற்றுக் கலவை நுழைவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும். புகை செல்லும் துளை சற்று மேலே இருப்பதால், பிஸ்டன் கீழே வரும்போது அது முதலில் திறக்கும். மேலே போகும்போது கடைசியில் மூடும். அதற்குள் புதுக் கலவையில் ஒரு பங்கு புகையோடு புகையாக ஓடிவிடும். வாசல் இரண்டும் திறந்த வீட்டில் விருந்தாளி முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் போய்விடுவது போலத்தான்.

போருக்கு முன் டி.கே.டபிள்யூ. இதற்கு ஒரு மாற்று வைத்திருந்தது. தனியாக ஓர் ஏற்றும் பம்ப்பைப் பொருத்தி, கலவையை அழுத்தி உள்ளே திணித்தது. போருக்குப் பின் சர்வதேசப் பந்தயங்களில் அத்தகைய பம்ப்புகளுக்குத் தடை வந்தது. பந்தயத்தில் இரண்டு வீச்சு எஞ்சினின் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

பட்டறைகளின் பங்கு

முடியவில்லை என்று காட்டியவர்கள் தனி மனிதர்கள். கிழக்கு ஜெர்மனியில் டேனியல் சிம்மர்மன் என்பவர் தம் சொந்த முயற்சியில் ஆர்.டி.125 எஞ்சினை மாற்றினார். கலவை நுழையும் வழியில் கிராங்க் தண்டோடு சுழலும் ஒரு மெல்லிய தட்டை வைத்தார். தட்டின் ஒரு பகுதி வெட்டப்பட்டிருக்கும். அந்த வெட்டு துளைக்கு நேரே வரும்போது மட்டுமே கலவை உள்ளே போகும். எப்போது திறக்கவேண்டும், எப்போது மூடவேண்டும் என்பதைப் பிஸ்டனைச் சாராமல் தீர்மானிக்க இதனால் முடிந்தது.

காடெனின் வண்டிகளின் வேகமும் அதிகாரிகளின் கவனத்துக்கு வந்தது. 1953இல் ட்சோபாவ் தொழிற்சாலையின் பந்தயப் பிரிவு அவர் கைக்கு வந்தது. தொழிற்சாலை அப்போது அரசுடைமை. 1956 முதல் அதன் பெயர் எம்.இசட். மேற்கு நாடுகளின் நல்ல பாகங்களும் பணமும் எளிதில் கிடைக்காத இடம் அது. காடென் சிம்மர்மனின் சுழல் தட்டை ஏற்றுக்கொண்டார். பிறகு, எவரும் அவ்வளவாகப் பொருட்படுத்தாத ஓர் உறுப்பின் பக்கம் திரும்பினார். அதுதான் புகைக் குழாய்.

குழாய்க்குள் நடப்பது

இயற்பியல் ஆய்வகத்தில் ஒத்ததிர்வுக் குழாய்ச் சோதனை செய்த மாணவருக்கு இது புதிதன்று. குழாய்க்குள் செல்லும் ஒலி அலை, மூடிய முனையில் பட்டால் அழுத்தமாகவே திரும்பும். திறந்த முனைக்கு வந்தால் தளர்வாகத் திரும்பும். குழாய் படிப்படியாக அகன்றால் திறந்த முனையைப் போலவும், குறுகினால் மூடிய முனையைப் போலவும் அது நடந்துகொள்ளும்.

புகைத் துளை திறக்கும் கணத்தில் வலிய அழுத்த அலை ஒன்று குழாயில் பாய்கிறது. குழாயின் முதற்பகுதி புனல் போல் விரிந்தால் தளர்வு அலை திரும்பி வந்து உருளையிலுள்ள புகையை உறிஞ்சி இழுக்கும். அந்த இழுப்பில் புதுக் கலவையும் விரைந்து ஏறும். கொஞ்சம் குழாய்க்குள்ளும் வழியும். அப்போது குழாயின் பின்பகுதி குறுகியிருந்தால், அங்கிருந்து அழுத்த அலை திரும்பி வந்து, வழிந்த கலவையை உருளைக்குள் தள்ளிவிடும். அடுத்த கணம் பிஸ்டன் துளையை மூடிவிடும். தடை செய்யப்பட்ட பம்ப் செய்த வேலையை, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத தகரக் குழாய் செய்கிறது!

நீளம் எவ்வளவு? ஒரு சிறு கணக்கு. எஞ்சின் நிமிடத்துக்கு 10,800 சுற்றுகள் சுற்றினால், ஒரு சுற்றுக்கு 1/180 வினாடி. புகைத் துளை ஏறத்தாழ அரைச் சுற்று திறந்திருக்கும். அதாவது 1/360 வினாடி. சூடான புகையில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 500 மீட்டர். ஆகவே அலை போய்த் திரும்பும் தொலைவு சுமார் 1.4 மீட்டர். எனவே குழாயின் நீளம் ஏறத்தாழ 70 செ.மீ. சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ அலை நேரம் தவறி வரும்.

வயிறு பருத்த குழாயை முதலில் பொருத்தியவர் காடென் அல்லர். ஜெர்மனியில் எரிக் வோல்ஃப் 1950களின் தொடக்கத்திலேயே அதைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார். காடெனின் சிறப்பு, அதை அளந்து பார்த்ததில் இருக்கிறது. ஆஸிலோஸ்கோப் என்னும் அலைகாட்டியின் திரையில் குழாயின் அதிர்வைப் பார்த்துப் பார்த்து வடிவத்தைத் திருத்தினார். 1954இல் 125 கன செ.மீ. எஞ்சின் 13 குதிரைத் திறன் தந்தது. 1961இல் 25 ஆயிற்று. லிட்டருக்கு 200 குதிரைத் திறன்! பம்ப் இல்லாத எந்த எஞ்சினும் அதுவரை எட்டாத அளவு.

இதற்கு ஒரு விலையும் உண்டு. குழாய் ஒரு குறிப்பிட்ட சுழல் வேகத்தில்தான் ஒத்துழைக்கும். மற்ற வேகங்களில் இடைஞ்சல் செய்யும். எனவே கியர்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியிருந்தது. குழாயை மனம்போல வெட்டிவிட்டு, சத்தம் கூடியதால் வேகமும் கூடியதாக நினைப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

1961

அந்த ஆண்டு 125 கன செ.மீ. உலகப் பட்டம் எம்.இசட். வண்டிக்குக் கிடைத்துவிடும் போலிருந்தது. ஓட்டியவர் எர்ன்ஸ்ட் டெக்னர். ஆகஸ்ட் 13 அன்று பெர்லினில் சுவர் எழும்பத் தொடங்கியது. செப்டம்பரில் சுவீடனில் நடந்த பந்தயத்தில் டெக்னரின் எஞ்சின் பழுதாகி நின்றது. அன்றே அவர் மேற்கே தப்பிச் சென்றார். அவர் மனைவியும் பிள்ளைகளும் ஒரு காரின் பின்பெட்டியில் ஒளிந்து எல்லையைக் கடந்தனர். பட்டம் ஹோண்டா வண்டி ஓட்டிய டாம் பிலிஸுக்குப் போனது.

டெக்னர் ஜப்பானின் சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். காடெனின் நுட்பமும் அவருடன் சென்றது. அடுத்த ஆண்டே, 1962இல், சுசுகியின் 50 கன செ.மீ. வண்டியில் அவர் உலகப் பட்டம் வென்றார். இரண்டு வீச்சு எஞ்சின் வென்ற முதல் உலகப் பட்டம் அது. எம்.இசட்.டுக்கு உலகப் பட்டம் கடைசிவரை கிட்டவில்லை.

ஆனால் குழாய் எங்கும் பரவியது. 1975 முதல் 2001 வரை 500 கன செ.மீ. பிரிவில் ஒவ்வோர் ஆண்டும் வென்றது இரண்டு வீச்சு வண்டியே. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான யமஹா ஆர்.எக்ஸ்.100 வண்டியும் அதே ஆர்.டி.125இன் வழி வந்ததுதான்.

எரியாத எண்ணெயும் பெட்ரோலும் புகையில் கலந்து காற்றைக் கெடுப்பதால், இரண்டு வீச்சு எஞ்சின் பின்னர் சாலைகளிலிருந்து ஒதுக்கப்பட்டது. 2012இல் உலகப் போட்டியின் 125 பிரிவும் நான்கு வீச்சுக்கு மாறியது. 1996இல் காலமான காடென் அதைக் காணவில்லை.

பட்டத்தை இழந்தவரின் அறிவு பட்டம் பெற்றோர் அனைவரின் வண்டியிலும் ஓடியது. எல்லைச் சுவர் மனிதரைத் தடுக்கலாம். ஒருவர் கண்டறிந்த இயற்கை விதியை அதனால் தடுக்க இயலாது. காடெனிடம் இருந்தவை ஒரு சாதாரண எஞ்சின், வளைத்துப் பற்றவைக்கத் தகரம், அளந்து பார்க்க ஓர் அலைகாட்டி. உருப்படியான ஆராய்ச்சிக்கு மாளிகை வேண்டியதில்லை. ஊகித்ததை அளந்து சரிபார்க்கும் பழக்கம் வேண்டும்.